கேஸ் விஷயம்

ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதறேன். இங்கே எல்லாரும் நலம்னு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எல்லாரும்னு எழுதக் கை வரலை. நான் நலம். உங்க அத்தை நலம். என் பொண்ணு சாப்பிடறா, வேலைக்குப் போறா, வர்றா. உங்க பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடறா.

ஃபோன் பண்ணாம கடுதாசி எழுதறானே மனுஷன்னு பார்ப்பீங்க. அவ பெட்டியோட வந்து இறங்கின அன்னிக்கே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, உங்ககூட பேசக் கூடாதுன்னு. பேசலை. எழுதக் கூடாதுன்னு சொல்ல அவளுக்குத் தோணலை, ஞாபகப்படுத்த எனக்கும் தோணலை.

இது சமாதானக் கடுதாசின்னு நினைச்சுடாதீங்க. நீங்க செஞ்சது தப்பு, அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்லை. கண்ணாடி லென்ஸ் கம்பெனியில அத்தனை வருஷம் சோதனை மேஜையில உட்கார்ந்தவ. வெளியூர்ல திறக்கற புது யூனிட்டுக்கு இன்சார்ஜா போறியான்னு கேட்டு ஆபீஸ்லேருந்து ஃபோன் வருது, அவ குளிச்சுக்கிட்டு இருக்கா. கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியதுதானே? "அவளுக்கு அந்த ஊர் சரிப்படாது"ன்னு நீங்களே பதில் சொல்லி வச்சுட்டு, அவகிட்ட மூச்சும் விடலை. அந்த நாற்காலியில வேற யாரோ உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரியுது. சரி, அது உங்க ரெண்டு பேர் பாடு. நான் நடுவுல வரலை.

எனக்கு வேண்டியது ஒரு கம்ப்யூட்டர். கார் ரேஸ் ஓட்ட.

சிரிக்காதீங்க. கீழ் வீட்டு டென்டிஸ்ட்கிட்ட பல் பிடுங்கப் போனேன். உள்ரூம்ல ஸ்டியரிங், பெடல் எல்லாம் மாட்டி ஒரு கம்ப்யூட்டர் வச்சிருக்கார். பல்லை எடுத்துட்டு வலிக்குதான்னு கேட்டார். ஒரு ரவுண்டு ஓட்டட்டுமான்னு கேட்டேன். வாயில பஞ்சோட ஓட்டினேன் மாப்பிள்ளை. வாழ்நாள் பூரா டவுன் பஸ் ஓட்டினவன் நான். ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்து, வேகத்துக்கு வேற ஒரு பூட்டு. அன்னிக்குத்தான் ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சுப் பார்த்தேன்.

நீங்க கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கற ஆள். என்னென்ன பாகம் வாங்கணும்னு எழுதுங்க. ரெண்டே ரெண்டு விஷயம்தான் நான் கேக்கறது. பக்கவாட்டுல கண்ணாடி வச்சு, உள்ளே சிவப்பு லைட் எரியற பெட்டியா வேணும், டென்டிஸ்ட் வச்சிருக்கற மாதிரி. அதை முன் ரூம்ல மேஜை மேல வைக்கலாமா?

இப்படிக்கு,
மாமா


ஜூன் 8

மாமாவுக்கு வணக்கம்.

கவர் மேல உங்க எழுத்தைப் பார்த்ததும் பகீர்னு ஆயிடுச்சு. கம்ப்யூட்டர்னு படிச்ச பிறகுதான் மூச்சு வந்தது.

டென்டிஸ்ட் வச்சிருக்கறதை மறந்துடுங்க. கடையில தினமும் பார்க்கறேன், எல்லாரும் வெளியில எப்படித் தெரியணும்ங்கறதுலேருந்துதான் ஆரம்பிக்கறாங்க. உள்ளேயிருந்து ஆரம்பிக்கணும்.

கார் ரேஸ்னா பாரம் முழுக்க கிராஃபிக்ஸ் கார்டு மேல. ரோடு, மரம், மழை, முன்னாடி போற வண்டி, எல்லாத்தையும் படமா வரையறது அதுதான். அதுல சிக்கனம் பார்க்காதீங்க. கணக்குப் போடற ப்ராசஸர் நடுத்தரமா இருந்தாப் போதும். அது உட்கார்ற மதர்போர்டு அதுக்குப் பொருந்தணும், ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுக்குச் சேராது. ரேம் ஒத்தையா வாங்க வேண்டாம், ஜோடியா வாங்குங்க. பவர் சப்ளை பேர் தெரியாத கம்பெனி வேண்டவே வேண்டாம். அது போனா தனியாப் போகாது, பக்கத்துல இருக்கறதையும் சேர்த்துக் கூட்டிக்கிட்டுப் போகும்.

எல்லாத்தையும் வச்சு மூடற கேபினெட்: கறுப்பு, இரும்பு, முன்பக்கம் வலை. காத்து உள்ளே போகணும், சூடு வெளியே வரணும். கண்ணாடி வேண்டாம். லைட் வேண்டாம். அதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது. மேஜைக்குக் கீழே வைங்க.

மாடல் எல்லாம் தனித்தாள்ல எழுதியிருக்கேன். அதையே கடையில நீட்டுங்க, எதையும் மாத்தாதீங்க.

அப்புறம். அவளுக்கு அந்த இருமல் சரியாச்சா? பதில் எழுதியே ஆகணும்னு இல்லை.

மாப்பிள்ளை


ஜூன் 13

மாப்பிள்ளைக்கு,

இருமல் போயிடுச்சு. உங்க கடுதாசியிலேயே அந்த ஒரு வரிதான் எனக்குப் பிடிச்சது.

நான் கேட்டது ரெண்டே விஷயம். கண்ணாடி, மேஜை. கண்ணாடி வேண்டாம்னுட்டீங்க, மேஜைக்குக் கீழே வைன்னுட்டீங்க. ஏன் சிவப்பு லைட் கேக்கறீங்க மாமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கு எது தேவைப்படாதுன்னு நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே முடிவு பண்ணி, பட்டியலும் போட்டாச்சு. மாத்தாதேன்னு உத்தரவு வேற. நான் என்ன உங்க கடைக்கு வந்த ஸ்கூல் பையனா?

பட்டியலை மேஜையில வச்சிருந்தேன். என் பொண்ணு காபி குடிச்சுக்கிட்டே பார்த்தா. யார் எழுத்துன்னு அவளுக்குத் தெரியாதா என்ன? அந்த எழுத்துலதானே அவ மளிகை லிஸ்ட்டே இருந்தது. "எல்லாம் அவரே முடிவு பண்ணியாச்சா?"ன்னா. டம்ளரை வச்ச சத்தம் கொஞ்சம் பெரிசா இருந்தது.

உங்க அத்தை வேற, கேபினெட்ங்கற வார்த்தையைப் பார்த்துட்டு, "இதென்ன, வீட்டுக்குள்ள மந்திரிசபை அமைக்கறீங்களா?"ன்னு போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிக்கறா. நான் உங்களையும் பொண்ணையும் சேர்த்து வைக்கத்தான் கம்ப்யூட்டர்னு நாடகம் ஆடறேன்னு அவ கட்சி. சத்தியமா இல்லை மாப்பிள்ளை. எனக்குக் கம்ப்யூட்டர்தான் வேணும்.

லைட் ஏன் கேட்டேன்னு நீங்க கேக்கலை, நானே சொல்லிடறேன். பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். அதுக்குமேல காரணம் இருக்கணுமா?

மாமா


ஜூன் 18

மாமாவுக்கு,

கோபம் வேண்டாம். கண்ணாடி வச்சா தூசி தெரியும், துடைக்கணும். லைட் வச்சா ஒயர் அதிகம். முதல் மாசம் அழகா இருக்கும், ரெண்டாவது மாசம் அதை எப்படி அணைக்கறதுன்னு கேட்டுக் கடைக்கு வருவாங்க. அந்த அனுபவத்துலதான் எழுதினேன். உங்க நல்லதுக்குத்தான்.

அந்த ஃபோன் விஷயமும் அப்படித்தான். நீங்க எழுதினதால நானும் எழுதறேன். அந்த ஊருக்குப் பயிற்சிக்குப் போயிட்டு வந்தப்போ அவ என்ன சொன்னா தெரியுமா? தண்ணி சரியில்லை, தூக்கம் இல்லை, இனிமே அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்னா. நான் மனசுல வச்சுக்கிட்டேன். அதைத்தான் ஃபோன்ல சொன்னேன். அவளை எனக்குத் தெரியாதா மாமா? தெரிஞ்சவன் சொல்லக் கூடாதா?

இதை எழுதிட்டுத் திரும்பப் படிச்சேன். கிழிச்சுடலாம்னு தோணுது. தபால் எடுக்க ஆள் வந்துட்டார், இருக்கட்டும்.

கேபினெட் உங்க இஷ்டம். கண்ணாடியோ லைட்டோ வச்சுக்குங்க. ஒண்ணே ஒண்ணு, கிராஃபிக்ஸ் கார்டு நீளமானது. உள்ளே அளவு பார்த்துட்டு வாங்குங்க. இல்லைன்னா மூடி சாத்தாது.

மாப்பிள்ளை


ஜூன் 25

மாப்பிள்ளைக்கு,

அவசரத்துல எழுதறேன். கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியாச்சு, வண்டி வாசல்ல நிக்குது.

கேஸ் விஷயத்துல இனிமே நீங்க தலையிட வேண்டாம். என் பொண்ணே கையில எடுத்துக்கிட்டா. "அவர்கிட்ட விட்டா அவர் இஷ்டத்துக்குத்தான் முடிப்பார், இதை நான் பார்த்துக்கறேன்ப்பா"ன்னு சொல்லிட்டா. டென்டிஸ்ட்டோட அண்ணனுக்கு இந்த லைன்ல நல்ல பழக்கமாம். ரெண்டு நாளா அவர்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கா. எதையும் மூடி மறைக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் பளிச்சுனு வெளியில தெரிஞ்சாகணும்னு பிடிவாதமா நிக்கறா. நானும் சரின்னுட்டேன். திங்கக்கிழமை போட்டுடுவா.

உங்க பேச்சை மீறிப் பண்றோம், உங்களுக்கு வருத்தமாத்தான் இருக்கும். ஆனா ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ முகத்துல ஒரு தெளிவைப் பார்க்கறேன். மத்ததை விவரமா அப்புறம் எழுதறேன்.

மாமா


ஜூன் 29

மாமாவுக்கு,

உங்க கடிதத்தைக் கடையில நின்னுக்கிட்டே படிச்சேன். அதுக்கப்புறம் வந்த கஸ்டமர்கிட்ட என்ன பேசினேன்னே தெரியலை. ஒரு மதர்போர்டைத் தலைகீழா வச்சு மாட்டப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

கோர்ட் வரைக்கும் போகும்னு நான் நினைக்கவே இல்லை. கோபம் தணிஞ்சதும் வந்துடுவான்னுதான் இருந்தேன். தனியா இருந்தா யோசிப்பா, யோசிச்சா புரிஞ்சுப்பான்னு நானே கணக்குப் போட்டு வச்சிருந்தேன். அதனாலதான் அந்தப் பக்கம் வரலை.

அவ கேஸ் போடறதுன்னு முடிவு பண்ணியிருந்தா நான் எதிர்த்து நிக்க மாட்டேன். வக்கீல் அட்ரஸ் மட்டும் அனுப்புங்க. எந்தப் பேப்பரா இருந்தாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். அவளைக் கோர்ட் படியேற வச்சு, முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க முன்னாடி நம்ம வீட்டுக் கதையைச் சொல்ல வைக்க வேண்டாம். அவளுக்கு விடுதலை வேணும்னா அதுக்கு எனக்கு முழுச் சம்மதம். வீட்டுல இருக்கற சாமான்ல எது வேணுமோ எடுத்துக்கட்டும்.

அந்த ஃபோனை நான் எடுத்திருக்கக் கூடாது. எடுத்தாலும் "இருங்க, கூப்பிடறேன்"னு ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ரெண்டு வார்த்தைக்கு வாய் வரலை எனக்கு. அவ அந்த ஊருக்குப் போயிட்டா நான் இங்கே என்ன பண்றதுங்கற பயம் இருந்தது மாமா. தண்ணி சரியில்லைங்கறதெல்லாம் அதுக்கு மேல போர்த்தின போர்வை. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, என்கிட்டயே சொல்லிக்கிட்டதில்லை.

காலை ஷிஃப்டுக்கு அவ வச்ச அலாரம் இன்னும் அடிக்குது. அணைக்கத் தெரியாம இல்லை. அது அடிச்சாத்தான் எழுந்திருக்கத் தோணுது.

எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதை அவகிட்டச் சொல்லணும்னு இல்லை. நீங்க தெரிஞ்சு வச்சுக்குங்க.

மாப்பிள்ளை


ஜூலை 4

அட என் மாப்பிள்ளை,

கேஸ்னா டப்பா! கம்ப்யூட்டர் வைக்கற டப்பா!

கோர்ட்டாவது, வக்கீலாவது! கேபினெட்னு சொன்னா உங்க அத்தை சிரிக்கறாளே, அதுக்கு வேற பேர் இல்லையான்னு டென்டிஸ்ட்டைக் கேட்டேன். கேஸ்னும் சொல்வாங்கன்னார். அன்னிலேருந்து இந்த வீட்டுல அதுக்குக் கேஸ்னே பேர் ஆயிடுச்சு. டென்டிஸ்ட்டோட அண்ணன் வக்கீல் இல்லை சாமி, அந்த டப்பா விக்கறவர். ரெண்டு பக்கமும் தெரியணும்னு அவ சொன்னது கண்ணாடியை. திங்கக்கிழமை போட்டது ஆர்டரை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க?

உங்க கடுதாசி வந்தப்போ எல்லாரும் மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம். கார்டு நீளத்தைப் பத்தி ஏதாவது எழுதியிருப்பீங்கன்னு, கண்ணுல மருந்து விட்டிருக்கறதால அவளையே படிக்கச் சொன்னேன். என் தப்புதான். மதர்போர்டைத் தலைகீழா மாட்டினீங்கங்கற வரிக்கே சிரிக்க ஆரம்பிச்சா. கோர்ட்னு வந்ததும் புரையேறிடுச்சு, உங்க அத்தை தலையில தட்டினா. நானும் சிரிச்சேன். அவ சிரிச்சு எத்தனை நாளாச்சு!

அப்புறம் சத்தமா படிக்கறதை நிறுத்திட்டா. மனசுக்குள்ளேயே கடைசி வரைக்கும் படிச்சா. முகம் சிவந்துடுச்சு. அலாரம் விஷயத்துல கண்ணைத் துடைச்சுக்கிட்டா, நான் பார்க்கலைன்னு நினைச்சுக்கிட்டு. நல்லது, விஷயம் முடிஞ்சது, மாப்பிள்ளை பேரைச் சொல்லி இன்னொரு காபி போடுன்னு உங்க அத்தைகிட்டச் சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பா, நான் டைவர்ஸ் கேட்டேனா?"ன்னா. இல்லையேம்மான்னேன். "கேக்காததுக்கு எப்படிப்பா சம்மதம் சொல்றார்? அவளுக்கு விடுதலை வேணும்னு அவருக்கு யார் சொன்னா? ஒரு தடவை வந்து, உனக்கு இதுதான் வேணுமான்னு என் மூஞ்சியைப் பார்த்துக் கேக்க மாட்டாரா? அன்னிக்கு ஆபீஸுக்கு எனக்குப் பதிலா அவர் பதில் சொன்னார். இன்னிக்குக் கோர்ட்டுக்கும் சொல்லிட்டார்."

அப்புறம் எழுந்து போயிட்டா. கதவைச் சாத்தலை, ஒருக்களிச்சுதான் வச்சா. அது நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

மாப்பிள்ளை, நீங்க கெட்டவர் இல்லை. கெட்டவரா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு வேலையைப் பார்ப்பேன். நல்லவரா இருந்துக்கிட்டு இப்படிப் பண்றீங்க பாருங்க, அதுதான் தாங்க முடியலை. விட்டுக் குடுக்கறதைக் கூட அவளைக் கேக்காம விட்டுக் குடுத்தா அது என்ன கணக்கு? இதுக்கு மேல சொன்னா நான் நடுவுல வந்த மாதிரி ஆயிடும். நிறுத்திக்கறேன்.

மாமா


ஜூலை 9

மாமாவுக்கு,

மூணு தாள் எழுதிக் கிழிச்சுட்டேன். மூணுலயும் அவ என்ன நினைப்பா, என்ன சொல்லுவா, அதுக்கு நான் என்ன செய்யணும்னு எல்லாம் நானே எழுதியிருந்தேன். அவ சொன்னது சரின்னு அதைப் பார்த்துதான் புரிஞ்சுது.

எனக்குத் தெரியாததை மட்டும் கேக்கறேன். நான் அங்கே வரலாமா? அவளைக் கேட்டுச் சொல்லுங்க.

இன்னும் எழுதினா பதிலையும் நானே எழுதிடுவேன்.

மாப்பிள்ளை


ஜூலை 15

மாப்பிள்ளைக்கு,

கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிச்சாச்சு. பாகத்தை எல்லாம் பாயில பரப்பி அவதான் மாட்டினா. லென்ஸ் பிடிக்கற கை, ஒரு ஸ்க்ரூ கூடக் கீழே விழலை. நீங்க கார்டை நீளம்னு சொன்னீங்களே, பெட்டி வந்ததும் ஸ்கேல் வச்சுத் திரும்ப அளந்து பார்த்துட்டுத்தான் கார்டைப் பிரிச்சா. நான் டார்ச் பிடிச்சேன், உங்க அத்தை குறை சொன்னா. சுவிட்சைப் போட்டதும் ஒண்ணுமே வரலை. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். டிவி பெட்டி மாதிரி இருக்கே, அந்த மானிட்டருக்கு ஒயரே குடுக்கலை. குடுத்ததும் வந்துடுச்சு.

நேத்து முதல் பந்தயம். கடைசியா வந்தேன். வளைவுல எல்லாரும் முந்திக்கிட்டுப் போறாங்க, நான் பின்னாடி வர்றவனுக்குக் கை காட்டி வழி விடறேன். ரோட்டோரம் யாராவது நின்னா கால் தானா பிரேக்குக்குப் போகுது. ஏத்திக்க வேண்டிய அவசியம் இல்லைன்னு புத்திக்குத் தெரியுது, காலுக்குத் தெரியலை.

உங்க கடுதாசி விஷயம். நான் வாயால சொல்லலை. தூது போக மாட்டேன்னு இருக்கேனே. தாளை அப்படியே அவகிட்ட நீட்டினேன். வாங்கிப் படிச்சா. ரொம்பச் சின்னதா இருக்கேன்னா. திருப்பிப் பார்த்தா, பின்னாடி ஒண்ணும் இல்லை. அதை மடிச்சு எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டா. அன்னிக்குப் பூரா பதில் இல்லை, மறுநாளும் இல்லை. நான் கேக்கவும் இல்லை. கேக்காம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு இப்பத்தான் தெரியுது மாப்பிள்ளை, உங்களைக் குத்தம் சொல்லிட்டேன்.

இன்னிக்குக் காலையில நான் இந்தக் கடுதாசியை எழுதிக்கிட்டு இருக்கேன்னு பார்த்துட்டு, கடைசியில கொஞ்சம் இடம் விடுங்கப்பான்னா. விட்டிருக்கேன். என்ன எழுதினான்னு நான் படிக்கப் போறதில்லை. உங்க அத்தை படிப்பா, அவளைத் தடுக்க என்னால ஆகாது.

மாமா

*

ஆபீஸ்ல நானே போய்க் கேட்டேன். அந்த ஊர் யூனிட்டுல இன்னொரு இடம் இருக்குன்னாங்க. சரின்னு சொல்லிட்டேன், அடுத்த மாசம் சேரணும். தண்ணி அங்கே இன்னும் மோசமாத்தான் இருக்காம். அது என் பாடு.

நீங்க கேட்டதுக்குப் பதில்: வாங்க. ஞாயித்துக்கிழமை நான் வீட்டுலதான் இருப்பேன்.

நம்ம விஷயத்துல நான் இன்னும் எதுவும் முடிவு பண்ணலை. வண்டியில வரும்போது நீங்க பண்ணிடாதீங்க.